தியாகிக்கு ஒரு மணி நேரம்

தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவள் எழுந்தாள். மணி பதினொன்று. கணவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அடியில் போட்டிருந்த துணியைப் பிடித்து இழுத்தாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தாள். குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். அவளுடைய இடுப்பில் சுரீரென்றது. அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

அவர் பெயின்டர். மூன்று வருஷத்துக்கு முன் நாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகளிலும் பாதி பலம்தான். நாக்கும் புத்தியும் மட்டும் பழுதில்லாமல் தப்பின. அன்றிலிருந்து அவளுக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. நின்றுகொண்டே சாப்பாடு, காக்கைக் குளியல். தூக்கம் என்பது ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பது.

அன்று விரிப்பை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. மூன்றாவதை விரித்து முடித்து, கஞ்சியை ஊட்ட உட்கார்ந்தாள். அவர் "வேணாம்னா விடேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிண்ணம் கவிழ்ந்து கஞ்சி முழுவதும் விரிப்பில் கொட்டியது.

அவள் கை ஓங்கியது. எப்படி ஓங்கியது என்று அவளுக்கே தெரியாது. கடைசி நொடியில் அது அவர் காதோரம் தலையணையில் விழுந்தது. அடி தன்மேல்தான் விழப்போகிறது என்று அவர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். அந்த மூடிய கண்களைப் பார்த்ததும் அவள் சட்டென்று எழுந்தாள். சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் சிறுநீர்க் குழாய் மாற்ற நர்ஸ் வந்தாள். குழாயை எடுத்துக் கொடுத்த மனைவி தடுமாறிச் சுவரைப் பிடிப்பதைக் கண்டு, அவளை உட்காரவைத்து பிரஷர் பார்த்தாள்.

"நூத்தி எழுபது. இப்ப யாரும்மா இங்க நோயாளி?"

நேற்று நடந்ததை அவள் மென்று முழுங்கிச் சொன்னாள். நர்ஸ் திட்டவில்லை.

"கெட்டவளா இருந்து கை ஓங்கல. ஓஞ்சு போயி ஓங்கின. தினமும் அரை மணி நேரமாவது வெளிய நட. சூடா, உக்காந்து சாப்பிடு. கோவம் தலைக்கேறினா அந்த இடத்தை விட்டு நகந்து, பத்து தடவை மெதுவா மூச்சை இழுத்து விடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கு! அந்த அரை மணி நேரம் எந்தக் கடையில விக்குது?"

"எங்கயும் விக்காது. கேட்டுத்தான் வாங்கணும். யாரையாவது கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

"நீயும் விழுந்தா இந்த வீட்ல ரெண்டு கட்டில் போடணும். ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கொழுந்தனும் நாத்தனாரும் வந்தார்கள். அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தார்கள்.

"அண்ணி மாதிரி தியாகி யாரு இருக்கா? கோயில் கட்டிக் கும்பிடணும்" என்று உருகினாள் நாத்தனார்.

மூன்று வருஷமாக வயிற்றுக்குள் கிடந்த நெருப்பு அப்போது வாய்க்கு வந்தது.

"கோயிலெல்லாம் வேணாம். ஒரு மணி நேரம் குடுங்க. அவரைத் திருப்பிப் போடணும், மூத்திரப் பையைக் காலி பண்ணணும். நான் வெளிய போறேன்."

கொழுந்தன் பதறினான். "நான் ஆம்பளை... இதெல்லாம் எப்படி அண்ணி?"

"உங்க அண்ணன் என்ன பொம்பளையா?"

கையுறையை அவன் கையில் திணித்தாள். எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், தலையணையை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

தெருமுனை வரை கோபம்தான் அவளை நடத்திச் சென்றது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து மூச்சை மெதுவாக இழுத்து விட்டாள். ஐந்தாவது மூச்சில் அழுகை வந்தது, எட்டாவதில் நின்றது. பக்கத்தில் யாரோ நாய்க்குப் பந்து வீசிக்கொண்டிருந்தார்கள். அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகித்தான் திரும்பினாள். கொழுந்தன் சட்டையெல்லாம் நனைந்து, இடுப்பைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். நாத்தனார் எரிந்து விழுந்தாள்.

"கட்டின புருஷனை இப்படிப் போட்டுட்டு ஊர் சுத்தப் போறது நல்லாவா இருக்கு?"

அவள் வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நிறுத்து." அத்தனை சத்தம் அவரிடமிருந்து வந்து வெகுநாளாயிற்று. "எனக்கு ஒடஞ்ச மாதிரி அவ முதுகெலும்பும் ஒடையணுமா? நீங்க அவளைப் புகழ்ந்துட்டுப் போனீங்க. நான் அதுகூடப் பண்ணல, கட்டில்ல கெடந்துகிட்டு அதிகாரம் பண்ணினேன். நாம எல்லாரும் சேந்துதான் அவளை அடிச்சோம்."

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று கிளம்பினாள். கொழுந்தன் எழவில்லை. "புதன்கிழமை சாயங்காலமும் வர்றேண்ணே" என்றான்.

"உனக்கும் சேத்துத்தான் சொல்றேன், கேட்டுக்க" என்றார் அண்ணன். "பாத்துக்கறவளைப் பாத்துக்க ஆளில்லன்னா, படுத்திருக்கறவனுக்கும் ஆளில்ல."