ஜன்னல் வழியாக வந்த கை

ஜெயமாலாவின் கருமாதி முடிந்த மறுநாள் காலை, அவளுடைய வலது கை மட்டும் போர்ட் கிள்ளான் தமிழ்ப்பள்ளி ஒன்றின் முதலாம் ஆண்டு வகுப்பு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மகள் தாமரையின் விரல்களைப் பிடித்து எழுத வைத்தது. முழங்கை வரைதான் இருந்தது. வெளியே எட்டிப் பார்த்தால் அதற்கு அப்பால் காற்றும் சாக்கடையும்தான். கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டி ஒட்டி வெடித்துப்போன அந்தக் கட்டைவிரல் வகுப்பாசிரியை கௌசலாவுக்கு நன்றாகத் தெரியும். பள்ளி திறந்த முதல் வாரம் அம்மாமார்கள் எல்லாரும் ஜன்னலை மொய்த்துக்கொண்டு நிற்பது வழக்கம். ஜெயமாலாவும் லீவு போட்டுவிட்டு நின்றாள், கம்பிக்குள் கையை விட்டு மகளை எழுத வைத்தாள். "ஒரு வாரம் போதும்லா அக்கா, அப்புறம் அவளே பழகிடுவா" என்று கௌசலா சொன்னதற்கு, "இன்னும் கொஞ்ச நாள் வரேன் டீச்சர், பயப்படுறா" என்றாள். அடுத்த மாதம் கிடங்கிலேயே மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் சொன்னபடி வந்துவிட்டாள், வர முடிந்த அளவுக்கு.

பாஸ் இல்லாமல் வெளியாரை எப்படி உள்ளே விட்டாய் என்று தலைமையாசிரியர் காவலாளி சின்னையாவைப் பிடித்துக்கொண்டார். "கேட் வழியா வந்தா பாஸ் கொடுக்கலாம் சார். இது ஜன்னல் வழியா வருது, நான் என்னா செய்ய?" என்றார் சின்னையா. அதோடு அந்த விசாரணை முடிந்தது. பெற்றோர் கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அதே வகுப்பில் மகனை விட்டிருந்த நூருன்னிசா எழுந்து, "பிள்ளைங்கள அடிக்குதா? இல்லதானே? விடுங்கலா, பாவம்" என்றதும் தேநீர் வந்தது, பேச்சு கேன்டீன் விலைக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்கு அது பழகிப்போனது. பென்சில் முனை உடைந்தவர்கள் அதனிடம் நீட்டினார்கள், அது சீவிக் கொடுத்தது. தாமரையின் அப்பா விஜயன் ஒருநாள் லோரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்து, அந்தக் கையைத் தொட்டார். அது மகளின் விரல்களை விட்டு அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் மறுபடி வரவில்லை.

தாமரையின் எழுத்து முத்து முத்தாக இருந்தது. கௌசலாவைக் கவலைப்பட வைத்ததே அதுதான். அது ஜெயமாலாவின் எழுத்து. வீட்டில் அந்தப் பிள்ளைக்கு ஒரு கோடு போட வராது, பென்சில் விரலில் நிற்காது. இரண்டாம் ஆண்டு வகுப்பு மாடியில். கையால் அவ்வளவு உயரம் எட்ட முடியாது. அங்கே போய்த் தாமரை வெறும் தாளோடு உட்கார்ந்திருப்பாள், மக்கு என்று பெயர் வாங்குவாள். கைக்கு அதெல்லாம் தெரியாது, அல்லது தெரிந்தும் விட மனமில்லை.

ஆண்டு முடியும் சமயத்தில், மற்ற பிள்ளைகள் திடலுக்குப் போயிருந்தபோது, கௌசலா ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். செத்துப்போனவளிடம் இப்படிப் பேச நேர்ந்ததே என்று நினைத்தபடி பக்கத்திலிருந்த தாமரையை அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, போதும். நீங்க விட்டாதான் இவ எழுதுவா."

கை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"அம்மாவ போகச் சொல்லாதீங்க டீச்சர்" என்று தாமரை விசும்பினாள்.

"போகச் சொல்லலம்மா. விடத்தான் சொல்றேன்."

பிறகு அந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தாமரை அழுதுகொண்டே 'அ' எழுதினாள். அது கோணலாக, வால் நீண்டு, கோட்டுக்கு வெளியே ஓடியது. பார்க்கச் சகிக்காத எழுத்து. கௌசலா அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டாள். கை அந்தத் தாளை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

தாமரை மாடிக்குப் போனாள், சுமாராக எழுதினாள், சிநேகிதிகளைப் பிடித்தாள். முதலில் ஓய்வு நேரம்தோறும் இறங்கி வந்து கையைத் தொட்டுவிட்டுப் போவாள். பிறகு எப்போதாவது. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் ரப்பர் பந்தைத் துரத்திக்கொண்டு ஜன்னலைக் கடந்தவள், கை உயர்வதைப் பார்த்து, "வரேன்மா!" என்று கத்திவிட்டு ஓடினாள். மணி அடித்தது. அவள் வரவில்லை.

கை நீட்டியபடியே இருந்தது. வெயில் அந்தப் பக்கம் திரும்பியிருந்ததால், கௌசலா அதன்மேல் படாதபடி திரைச்சீலையை இழுத்துவிட்டு, பாடத்தைத் தொடர்ந்தாள்.