கரடி வேஷமும் காலி நாற்காலியும்

பொருட்காட்சியில் கரடி வேஷம் போட்டு ஆடுவது ரொவீனாவின் வேலை. அமெரிக்காவின் அலபாமா மாநில வெயிலில் அந்த ரோமச் சட்டைக்குள் நின்றால் அவளுக்கும் வேகவைத்த வேர்க்கடலைக்கும் வித்தியாசம் இராது. கரடியைக் கட்டிக்கொள்ளப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். பின்னாலேயே வரும் அம்மாக்களைப் பிடித்து, மாநிலத்தின் குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடுவாள். பத்தொன்பது வயது ஆகும்வரை வைத்தியத்துக்குக் கவலை இல்லை. அவள் மகன் கோல்பியும் அதில்தான் இருந்தான். சர்க்கரை நோய்க்காரப் பிள்ளை, இன்சுலின் அதில்தான் வந்தது.

ஆள் அனுப்பும் கம்பெனி மூலம் அந்தக் காப்பீட்டு அலுவலகத்துக்கு வந்த தற்காலிக ஊழியர் அவள். நிரந்தரமாக ஒருவர் கிடைக்கும்வரைதான் பிழைப்பு. ஒருநாள் அலுவலக இயக்குநர் ப்ரூயிட் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"ரொவீனா, கையக் குடு. அந்த நிரந்தர வேலை உனக்குத்தான்!"

"வேணாம் சார்."

"என்னம்மா இது? அவனவன் சர்க்கார் வேலைக்குத் தவம் கிடக்கான்."

"நான் சேர்ந்தா கோல்பிய வெளிய தள்ளிடுவீங்களே! மாநில ஊழியர் பிள்ளைங்களுக்கு இதுல இடமில்லன்னு சொல்லித்தானே வாஷிங்டன்காரங்க பணமே தர்றாங்க?"

"ஊழியருக்குன்னு தனிக் காப்பீடு இருக்கே."

"பிள்ளையையும் சேர்த்தா பாதிச் சம்பளம் அதுக்கே போயிடும். மிச்சத்துல நான் நிஜக் கரடியா காட்டுக்குத்தான் போகணும்."

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததுபோல ப்ரூயிட் விழித்தார். சட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

வேறு ஆளுக்கு விளம்பரம் போனது. ரொவீனாவுக்குப் பயமாக இருந்தது. கரடித் தலைக்குள் அழுதால் வெளியே தெரியாது என்பதால் அன்று தாராளமாகவே அழுதாள்.

புதிய ஆள் டுவெய்ன் வந்தான். கையெழுத்துப் போட உட்கார்ந்தவன், வேஷத்தோடு நின்றவளைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, இந்தக் கரடிதான் என் ரெண்டு பொண்ணுங்களையும் காப்பீட்டுல சேர்த்துவிட்டுச்சு. சின்னவளுக்கு ஆஸ்துமா. அந்த நன்றிக்குத்தான் இங்க வேலைக்கே வந்தேன்."

ரொவீனா அவன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தால், தன் பிழைப்புக்காகத் தடுக்கிறாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்! கரடிக் கையால் பேனாவைப் பிடுங்கினாள்.

"தம்பி, எழுந்திரு! கையெழுத்துப் போட்டா ரெண்டு பொண்ணுங்களும் வெளிய!"

விஷயம் புரிந்ததும் டுவெய்ன் நாற்காலி சுட்டதுபோல எழுந்தான். ப்ரூயிட் தலையில் கைவைத்தார்.

"இந்த நாற்காலிக்கு நான் எங்கதாம்மா போய் ஆள் தேடுவேன்?"

"அவசரமே இல்ல சார்," என்று ரொவீனா கரடித் தலையை மாட்டிக்கொண்டாள். "கோல்பிக்குப் பத்தொன்பது ஆனதும் நானே வந்து உக்காந்துக்கறேன். இப்ப அவனுக்கு எட்டு."