பல்லிடுக்கில் ஸாத்தர்

எங்கள் மலையில் ஸாத்தர் என்ற வாசனைச் செடி பூக்கும் ஜூன் மாதத்தில்தான் ஒன்பதாம் வகுப்பு அரசுத் தேர்வும் வரும். தேர்வன்று காலை, காட்டு ஸாத்தர் இலையை எள்ளும் எண்ணெயும் சேர்த்து ரொட்டியில் தடவிச் சுடாத வீடு கிடையாது. மூளை விழித்துக்கொள்ளுமாம். என் மகள்கள் நூரும் ஜனாவும் அதைத் தின்றுதான் பாஸானார்கள். நான் மட்டும் இரண்டு தடவை தின்றும் கணக்கில் கோட்டை விட்டேன்.

கிளினிக்கில் நர்ஸ் பயிற்சிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். நாற்பது வயதுக்குள் சேர வேண்டும். எனக்கு முப்பத்தொன்பது. இந்தத் தடவையும் போனால் ஆசையை மூட்டைகட்ட வேண்டியதுதான்.

தேர்வுக்கு முந்தைய சாயங்காலம் நாத்தனார் ஹனாதி வந்தாள்.

"அண்ணி, ஸாத்தர் மூளையை எழுப்பும்னுதானே சொல்றாங்க? இல்லாத மூளையை எங்கேர்ந்து எழுப்பும்?"

"உன் வாயை மூடுற செடி இருந்தா உங்கண்ணனைப் பறிச்சிட்டு வரச் சொல்லு!"

என் கணவர் ஃபாயிஸ், டாக்ஸி ஓட்டுபவர், விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"சிரிங்க. பிள்ளைங்களுக்கு நான் சுட்டேன், பலிச்சுது. எனக்கு யார் சுட்டுக் கொடுத்தா? நானே சுட்டு நானே தின்னா எப்படிப் பலிக்கும்?"



காலையில் கருகல் வாடையில் கண் விழித்தேன். அடுப்படியில் ஃபாயிஸ் நின்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தேநீர்கூடப் போட்டறியாத மனுஷன். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"கண்ணுக்கு என்ன ஆச்சு?"

"தேனீ. பூத்த செடியில கை வெச்சா சும்மா விடுமா?"

"கடையில வாங்கியிருக்கலாமே!"

"அவன் தவிட்டைக் கலக்குறான். தவிடு தின்னுட்டா நீ கணக்குப் போடுவே? பேசாம சாப்பிடு, நூரம்மா."

ரொட்டி ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை மாவு. ஸாத்தரைக் காம்புகூடக் கிள்ளாமல் அப்பியிருந்தார். ஒரு துணுக்கு விடாமல் தின்றேன். அழுகை வந்தது, காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒற்றைக் கண்ணோடு அவரே காரோட்டிக் கொண்டுபோய் விட்டார். தேர்வறை முழுக்க ஸாத்தர் வாசனை. கண்காணிப்பாளர் என்னைத் தடுத்தார்.

"பிள்ளையை விட்டாச்சுல்ல? வெளியே போங்கம்மா."

"பிள்ளை நான்தான் சார்." அனுமதிச் சீட்டை நீட்டிச் சிரித்தேன்.

அவர் என் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த பச்சை இலையைப் பார்த்தார். "ஓ, பரீட்சை எழுதத்தான் வந்திருக்கீங்க. உட்காருங்க," என்றார். அவர் பல்லிலும் ஒரு இலை இருந்தது.

கணக்குத் தாளைப் பிரித்தேன். எனக்காக ஒருவர் மலையேறி, கொட்டு வாங்கி வந்திருக்கிறார். இனிக் கணக்கு என்னை என்ன செய்துவிடும்?

முடிவு வந்த நாளில் தெருமுனையிலிருந்தே ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தார் ஃபாயிஸ். "பாஸ்! கணக்குலயும் பாஸ்! ரொட்டி சுட்டது நான்தான்!" என்று ஊருக்கே கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள். நான் நடுத்தெருவில் ஆடினேன், வெட்கப்படவே இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஹனாதி என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏழாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவள்.

"அண்ணி... நானும் எழுதினா, எனக்கு யாரு ரொட்டி சுடுவா?"

"நான் சுடுறேன்டி," என்றேன். "உங்கண்ணனை மட்டும் அடுப்புப் பக்கம் விடாதே."