சீவாத தலை

யோகலிங்கத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உடையார்கட்டில் அவனுடைய பழைய மொறிஸ் மைனர், எஞ்சினை மேலே மூடுகிற ‘தலை’ வெடித்துப்போய் வாயைப் பிளந்தபடி கிடந்தது. மறுநாள் காலை புதுக்குடியிருப்பில் பெண் பார்க்க வேண்டும். பெண் விமலேஸ்வரி. வற்றாப்பளைப் பொங்கலில் அவளைக் கண்டதிலிருந்து பொடியன் ஒரு நிலையில் இல்லை. வந்த சம்பந்தங்கள் எல்லாம் குழம்பி நொந்துபோயிருந்த அவளுடைய தாய் அன்னபாக்கியம், நல்ல நேரம் தவறினால் இதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

முல்லைத்தீவு மெக்கானிக் கலந்தரிடம் இரண்டு தலைகள் இருந்தன. ஒன்று பந்தயக் காரில் கழற்றியது. அடிப்பக்கத்தை இழைத்துச் சீவியிருந்தார்கள். அதைப் பூட்டினால் பெற்றோல் ஆவி இறுக நெருக்குண்டு வெடிக்கும், கார் பாயும். மற்றது சீவாத தலை. வேகம் கிடையாது, ஆனால் வண்டி நிறைய ஆளை ஏற்றினாலும் மணலுக்குள்ளால் முனகாமல் இழுக்கும். பந்தயக் கார் என்ற சொல்லிலேயே மயங்கிய நம்முடைய ஆள், சீவினதைப் பின்னேர பஸ்ஸில் அனுப்பச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து படுத்தெழும்பிய பிறகுதான் புத்தி வந்தது. பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிற கை அவனுடையது. சீவின தலைக்கு அது ஆகாது. இடித்துக் கொதித்து நடுவழியில் குந்திவிடும். விழுந்தடித்து ஓடினான். முல்லைத்தீவு பஸ் நகரத் தொடங்கிவிட்டது. மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் மயில்வாகனத்தோடு கூடவே ஓடினான்.

“மயிலண்ணை, போற இடத்தில மறக்காமல் சொல்லிவிடுங்கோ. சீவின தலை வேண்டாம். சீவாத தலைதான் எனக்கு வேணும்.”

எங்கே சொல்வதென்று இவன் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பின்னேர பஸ்ஸில் வந்த சாக்கைப் பிரித்தால் பளபளவென்று சீவின தலை! கலந்தரின் பரம்பரையையே திட்டித் தீர்த்தான். வேறு என்ன செய்வது? அதையே பூட்டினான்.

காலையில் முடுக்கியதும் அம்மாடி, என்ன பாய்ச்சல்! பின்னால் மாமன்மார் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள், தாய் பிள்ளையாரைக் கூப்பிட்டார். யோகலிங்கத்துக்கோ கலந்தர் மேலிருந்த கோபமெல்லாம் பறந்தே போனது. இப்படியொரு காரில் போய் இறங்கினால் எவள் மாட்டேன் என்பாள்? கைவேலி தாண்டும் வரை அவன்தான் ராசா. பிறகு எஞ்சின் டொக்டொக்கென்று இடித்தது, ஆவி கிளம்பியது, கார் குந்தியது. பட்டுக்கரை வேட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு மாமன்மார் தள்ள, நல்ல நேரம் முடியப்போகிற தறுவாயில் விமலேஸ்வரி வீட்டு வாசலைப் பிடித்தார்கள்.

தேத்தண்ணீரோடு விமலேஸ்வரி வந்தாள். எல்லாரும் விறைத்துப்போனார்கள். பூவில்லை, பின்னலில்லை. முழுகிய கூந்தல் சீப்புப் படாமல் தோள் நிறையச் சுருண்டு கிடந்தது. நல்ல காரியத்தில் இப்படி விரிச்ச தலையோ என்று அவனுடைய தாய் முகத்தைச் சுளித்தார். அன்னபாக்கியம் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்தார்.

விமலேஸ்வரி நேரே அவனைப் பார்த்தாள்.

“நீங்கள்தானே கொண்டக்டரிட்டச் சொல்லிவிட்டனீங்கள், சீவின தலை வேண்டாமெண்டு? முந்தி வந்தவை எல்லாரும் அது வேணும் இது வேணும் எண்டுதான் கேட்டவை. உள்ளபடி போதுமெண்டது நீங்கள் ஒராள்தான்.”

முல்லைத்தீவு பஸ் இந்த ஊரால்தான் போகும். பெண் பார்க்கப் போகிற கதை தெரிந்த மயிலண்ணை, கலந்தரிடம் சொல்லாமல் இங்கே இறங்கிச் சொல்லியிருக்கிறார் என்பது யோகலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. எல்லாருடைய கண்ணும் அவன் வாயில். வெளியே கார் கொதித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இவள் முகம் என்னவாகும்? அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கூந்தல்தான் என்ன வடிவு! நெஞ்சு இடித்த இடிக்கு எஞ்சின் தோற்றது.

“ஓம், நான்தான் சொன்னனான்” என்றான். “எனக்குச் சீவாத தலைதான் பொருந்தும்.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.