முதல் வார மரியாதை

என்ன வேலை பார்க்கிறேன் என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்பதுதான் என் வேலையின் முதல் விதி. வாடிக்கையாளர் வேஷத்தில் வங்கிக்குள் நுழைய வேண்டும். எத்தனை நிமிடத்தில் கவனித்தார்கள், முகம் கொடுத்துப் பேசினார்களா என்றெல்லாம் மனதில் குறித்துக்கொண்டு வெளியே வந்து, வங்கிக்காக எங்களை அனுப்பும் ஏஜென்சியின் படிவத்தை நிரப்ப வேண்டும். வேஷம் கலைந்தால் சம்பளமும் கிடையாது, அடுத்த வேலையும் கிடையாது. சொந்தக்காரர்கள் கணக்கு வைத்திருக்கும் கிளைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

அந்த மாதம் எனக்கு வந்தது ஒரே ஒரு கிளை. அது அப்பா கணக்கு வைத்திருக்கும் கிளை. வேறு வழியில்லாமல் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு வலது கை நடுங்குகிறது. பழைய கையெழுத்து வரவில்லை என்று சொல்லி, அவர் கணக்கிலிருந்து அவரையே பணம் எடுக்க விடாமல் இரண்டு மாதமாக அலைக்கழிக்கிறார்கள். நான்தான் பெரிய மேதாவி மாதிரி ஒருநாள் யோசனை சொன்னேன்.

"மாசத்தோட முதல் வாரம் போங்கப்பா. வேவு பாக்க ஆள் வரும்னு அவங்களுக்குத் தெரியும். எல்லார்கிட்டயும் தேனொழுகப் பேசுவாங்க."

சொல்லிவிட்டு நான் மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை.

நான் உள்ளே நுழைந்ததுமே காவலாளி கதவைத் திறந்துவிட்டார். உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். நான் புதுமுகம் அல்லவா, அவர்களுக்கு மூக்கில் வியர்த்திருக்கும். வைப்புத்தொகை பற்றி ஒரு வார்த்தைதான் கேட்டேன், எதிரில் இருந்த அதிகாரி வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்' போட்டு விளக்க ஆரம்பித்தார். அப்போதுதான் மூன்றாவது கவுண்டரில் அப்பா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

"பெரியவரே, பழைய மாதிரி போடுங்க. இது உங்க கையெழுத்தே இல்ல" என்றார் கவுண்டர்காரர்.

"என்னோடதுதான் தம்பி. கைதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"அதுக்கு நான் என்ன பண்றது? இன்னொரு தாள்ல போட்டுப் பாருங்க."

அப்பாவிடம் எதற்குத் தேனொழுகப் பேச வேண்டும்? இரண்டு மாதமாகப் பார்த்துச் சலித்த முகம். வேவு பார்க்க வந்தவர் இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இந்தச் சின்ன விஷயம் என் மரமண்டைக்கு உறைக்கவில்லையே என்று எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா தற்செயலாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் பிழைப்பு என்னவென்று அவருக்குத் தெரியும். முன்பின் தெரியாதவளைப் பார்த்ததுபோல் பார்வையை நகர்த்திக்கொண்டு, மறுபடியும் குனிந்து கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது தாள், ஆறாவது தாள்.

"மேடம், காபி சொல்லட்டுமா?" என்றார் எனக்கு எதிரில் இருந்த அதிகாரி.

ஏழாவது தாளில் பேனா நழுவித் தரையில் உருண்டது. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்பா தட்டுத்தடுமாறிக் குனிந்தார். ஒருத்தரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அவரு எங்கப்பா!" கத்தியே விட்டேன். "இந்த மாசம் வேவு பாக்க வந்த ஆளு நான்தான். போதுமா?"

அப்புறம் நடந்த கூத்தைப் பார்க்க வேண்டுமே. கவுண்டர்காரர் ஓடி வந்து பேனாவை எடுத்தார். மேலாளர் தன் அறையிலிருந்து நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போட முடியாதவர்களுக்கான கைரேகைப் படிவம் அந்தக் கவுண்டரின் இழுப்பறையிலேயே இருந்தது. இரண்டு சாட்சி, அப்பாவின் இடது கட்டைவிரல், பத்து நிமிடம். இரண்டு மாத அலைச்சல் அதோடு தீர்ந்தது.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்" என்று மேலாளர் குழைந்தார். அவரைக் கடித்துக் குதறலாம்போல் இருந்தது.

வெளியே வந்தோம். என் வேலை போனதுதான், ஏஜென்சிக்குத் தகவல் போக அரை நாள்கூட ஆகாது. அப்பாவாவது சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், கைக்குட்டையால் விரல் மையைத் துடைத்தபடியே முன்னால் நடந்தார்.

"காரியம்தான் முடிஞ்சிடுச்சே, இன்னும் ஏம்ப்பா உம்முன்னு வர்றீங்க?"

நின்றார். "ஏழு தடவ கையெழுத்து போட்டேன். நான் நான் இல்லன்னுட்டாங்க. நீ ஒரு தடவ கத்தின. உடனே நான் நானாயிட்டேன்."

அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.