படைத்தலைவர்களுள் ஒருவர்

என் வீட்டுக்காரர் தளபதி பரம்பரை. நான் சொல்லலை, அவர் சொல்றாரு. மின்விசிறிக் கடையில உட்கார்ந்து பில் போடுற மனுஷன். ஆனா விசிறி வாங்க வந்தவங்க எங்க பரம்பரைக் கதையையும் சேர்த்து வாங்கிட்டுத்தான் போகணும். எங்க ஊர் நடுவுல ஒரு ராஜா கோட்டை இருக்கு. உள்ளே அரண்மனை, ஓவியக்கூடம், ஆயுத மியூசியம். வெளியே ராணி குளிச்ச குளம், இப்போ அதுல வாத்துப் படகு விடுறாங்க. ஓவியக்கூடத்துல கடைசிச் சுவத்துல மீசைக்காரர் ஒருத்தரோட படம் தொங்குது. கீழே பலகையில 'படைத்தலைவர்களுள் ஒருவர்'னு மட்டும் போட்டிருக்கும், பேர் கிடையாது. அந்த 'ஒருவர்' தன்னோட கொள்ளுத்தாத்தான்னு இவர் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டிருக்காரு. ஆதாரம் என்னன்னு கேட்டா தன் மீசையைத் தடவிக் காட்டுவாரு.

இத்தனை வருஷம் அந்த மீசையோட குடும்பம் நடத்திட்டேன், எனக்கொண்ணும் குறைஞ்சு போகலை. ஆனா அது என் பொண்ணு வாழ்க்கைக்குக் குறுக்கே வந்து நின்னா சும்மா விடுவேனா?

பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அங்கேயே எக்ஸ்ரே எடுக்கிற பையன் மேல இஷ்டப்பட்டுட்டா. நல்ல பையன், நிதானமாப் பேசுவான். அப்பா இல்லை. அம்மா நாலு மாடு வெச்சு, பால் ஊத்தி, அவனைப் படிக்க வெச்சிருக்காங்க. பால்னு கேட்டதும் எங்க தளபதி நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்தாரு. வாள் பிடிச்ச வம்சம் மாட்டுக்கொட்டகையில போய் சம்பந்தம் பண்றதான்னு கேட்டாரு. பொண்ணு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டா. அப்புறம் வீட்டுல பாத்திரம் சத்தம்தான்.

ரெண்டு மூணு நாள் கழிச்சு இவரே இறங்கி வந்த மாதிரி ஒரு யோசனை சொன்னாரு. ஞாயித்துக்கிழமை பையனையும் அம்மாவையும் வரச்சொல்லு, கோட்டையைச் சுத்திக் காட்டுவோம்னாரு. பொண்ணு நம்பிட்டா. நான் நம்பலை. அந்தப் படத்துக்கு முன்னாடி அந்தம்மாவைக் கொண்டுபோய் நிறுத்தி, கூனிக் குறுக வெச்சு, 'இது நமக்குச் சரிப்பட்டு வராது'ன்னு அவங்க வாயாலேயே சொல்ல வைக்கிற திட்டம். ரொம்பக் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். பெத்த பொண்ணு முகத்தைப் பார்த்து மாட்டேன்னு சொல்லத் தைரியம் கிடையாது, அவ்வளவுதான்.

நான் தையல்கடை வெச்சிருக்கேன். கோட்டையில கைடு வேலை பார்க்கிறவன் தன் யூனிஃபார்மை என்கிட்டதான் பிரிச்சுத் தைக்கக் குடுப்பான், வருஷா வருஷம் வயிறு வளருது. ஒரே கதையை ரெண்டு தடவை ஒரே மாதிரி அவன் சொன்னதா சரித்திரமே இல்லை. கோட்டுக்குப் பட்டன் வெச்சுக்கிட்டே கேட்டேன், அந்த மீசைக்காரரைக் கொஞ்சம் மட்டம் தட்டணும், முடியுமான்னு. குதிரையிலேர்ந்து விழுந்தாருன்னு சொல்லு, சண்டை அன்னிக்கு வயித்துவலின்னு படுத்துட்டாருன்னு சொல்லு, கேட்கிறவங்க சிரிச்சா போதும்னேன். என்கிட்ட விட்டுடுங்கக்கான்னு நெஞ்சைத் தொட்டுச் சொன்னான். அவன் கண்ணுல தெரிஞ்ச சந்தோஷத்தைப் பார்த்து அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

ஞாயித்துக்கிழமை அம்மாவும் பிள்ளையும் பஸ்ல வந்து இறங்கினாங்க. அந்தம்மா புதுச் செருப்பு போட்டிருந்தாங்க, குதிகாலைக் கடிக்குதுன்னு நடையிலேயே தெரிஞ்சுது. எங்க தளபதி கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, சொந்த வீட்டுக்கு வந்தவங்களைக் கூப்பிடுற மாதிரி, "வாங்க, வாங்க"ன்னாரு. வாசல்ல இருந்த பீரங்கியைத் தட்டிக் குடுத்தாரு. ஆயுத மியூசியத்துல ஒரு வாளைப் பார்த்து, இது கைக்கு வாகா இருக்கும்னாரு. அது கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. அரண்மனையில ராஜா படுத்த கட்டிலைப் பார்த்து, சின்ன வயசுல ஞாபகம் இருக்குங்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாரு. நான் வாயில முந்தானையை அடைக்காத குறைதான்.

வாத்துப் படகுல பையனும் நானும் போறோம்னு இவர் தானே ஏறி உட்கார்ந்தாரு. அதுல ரெண்டு பேரும் மிதிச்சாத்தான் நேரா போகும். தளபதி வம்சம் பெடல் மிதிக்குமா? பையன் மட்டும் மிதிச்சான். படகு குளத்துக்கு நடுவுல போய் நின்ன இடத்துலயே சுத்துச்சு. என் பொண்ணு கரையில நின்னுக்கிட்டு, அப்பா மிதிங்கப்பா, மிதிங்கன்னு கையைக் காட்டுறா. இவர் ராஜா மாதிரி இவளுக்குக் கையசைச்சாரு. பையன் வேர்த்து விறுவிறுத்து இறங்கினான், ஒரு வார்த்தை குறை சொல்லலை. எனக்கு அவனை அப்பவே மாப்பிள்ளைன்னு கூப்பிடத் தோணுச்சு, கூப்பிட்டும் விட்டேன். இவர் முறைச்சாரு.

ஆனா அந்தம்மாவைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கலை. ஒவ்வொரு இடத்துலயும் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிப் போனாங்க. குளத்தங்கரையில என் பக்கத்துல வந்து, மெதுவா, உங்க வீட்டுல எல்லாருமே இப்படிப் பெரிய ஆளுங்கதானான்னு கேட்டாங்க. கேட்டுட்டு, கையைச் சேலையில துடைச்சாங்க. கையில ஒண்ணும் ஒட்டியிருக்கலை. ஓவியக்கூடத்துக்கு வாங்க, எங்க லட்சணம் தெரியும்னு சொல்லிக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்.

கூடத்துல நல்ல கூட்டம். எங்கிருந்தோ சுற்றுலா பஸ்ல வந்தவங்க வேற. தளபதி நேரா மீசைக்காரர் படத்துக்கு முன்னாடி போய் நின்னாரு. படத்துல இருக்கிற மாதிரியே தலையைச் சாய்ச்சு, அந்தம்மாவைப் பார்த்து, இவர்தான் என் கொள்ளுத்தாத்தான்னாரு. வேணும்னே சத்தமாச் சொன்னாரு. பஸ்காரங்க எல்லாரும் திரும்பி, படத்தையும் இவரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. மீசைப் பொருத்தம் அதுல ஒருத்தரை அசத்திடுச்சு, அவர் இவரோட நின்னு ஒரு போட்டோகூட எடுத்துக்கிட்டாரு. அந்தம்மா படத்துக்கு ஒரு கும்பிடு போட்டாங்க. என் பொண்ணு முகம் செத்துப் போச்சு.

சரியா அந்த நேரம் நம்ம கைடு வந்தான். புதுப் பட்டன் மின்ன, தொண்டையைச் செருமிக்கிட்டு, அந்தப் படத்தைக் கையால காட்டினான். குதிரை, வயித்துவலி எதையும் காணோம். இந்தக் கோட்டை ஒரே ஒரு தடவைதான் விழுந்துச்சு, அது எப்படி விழுந்துச்சு தெரியுமான்னு ஆரம்பிச்சான். எதிரிப்படை வெளியே காத்துக்கிட்டு நிக்குது. உள்ளே ஜனங்க பசியில துடிக்கிறாங்க. அப்போ இந்தப் படைத்தலைவன், ஒரு பெரிய விருந்துச் சாப்பாட்டுக்கும் மூணு புதுப் பொண்டாட்டிக்கும் ஆசைப்பட்டு, வடக்கு வாசலைத் தானே திறந்து விட்டான். தூங்கிட்டிருந்த ராஜாவைப் போர்வையோட கட்டி எதிரிகிட்டக் குடுத்தான். அதனாலதான் பலகையில பேரே போடலை, பேரைச் சொல்லவே ஊருக்கு வெட்கம்னான். இவன் வம்சத்துக்காரங்க இன்னும் இந்த ஊர்லதான் எங்கேயோ நடமாடுறதாப் பேச்சுன்னு கடைசியில ஒரு போடு போட்டான்.

கூட்டமே திரும்பி எங்க வீட்டுக்காரரைப் பார்த்துச்சு. போட்டோ எடுத்தவர் செல்போனைத் திறந்து, அந்தப் போட்டோவை அழிக்கிறது என் கண்ணுல பட்டுச்சு. பின்னாடி யாரோ ஒரு கிழவி, இவன் எல்லாம் விளங்குவானான்னு மண்ணை வாரித் தூத்தாத குறையா சாபம் விட்டா. நான் சிரிப்பை அடக்க முடியாம சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அடப்பாவி, இவ்வளவு தூரத்துக்கா சொன்னேன் உன்கிட்ட.

இவர் அப்பவும் சமாளிச்சிருப்பாரு. வாய்க்கு என்ன குறைச்சல். ஆனா அந்தம்மா முன்னாடி வந்தாங்க. இத்தனை நேரம் ஒடுங்கி நின்னவங்க, இவர் அவமானப்படுறதைப் பார்க்கப் பொறுக்காம, நல்ல மனசோட பேசினாங்க.

"மனசுல வெச்சுக்காதீங்க அண்ணா. முன்னோர் பண்ண பாவத்துக்கு நாம என்ன செய்ய முடியும்? எங்க வீட்டுல இதை ஒரு குறையா நினைக்க மாட்டோம்."

மன்னிச்சுட்டாங்க. மாட்டுக்காரம்மா தளபதியை மன்னிச்சுட்டாங்க. இவர் காது ரெண்டும் சிவந்து போச்சு. கூட்டத்தைப் பார்த்தாரு, படத்தைப் பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு.

"இந்த ஆள் எனக்கு யாருமே இல்லைங்க. எங்க கொள்ளுத்தாத்தா இந்தக் கோட்டையில இருந்தது நிஜம். குதிரை லாயத்துல சாணி அள்ளினாரு. சாகிற வரைக்கும் அள்ளினாரு. எந்தக் கதவையும் அவர் யாருக்கும் திறந்து விடலை."

எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு. ஏன்னா அது பொய் இல்லை. இந்த மனுஷன் பொய் சொன்னா எனக்கு முதுகைப் பார்த்தே தெரியும். தளபதி கதை புளுகுன்னு எனக்கு என்னிக்கோ தெரியும். அதுக்கு அடியில இப்படி ஒரு தாத்தா உட்கார்ந்திருக்காருன்னு இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட என்கிட்ட வாய் திறக்கலையே. எனக்கு அவர் மேல பாவமாவும் இருந்துச்சு, அதைவிட அதிகமாக் கோபமா வந்துச்சு.

அந்தம்மாதான் முதல்ல பேசினாங்க. அந்த லாயம் இன்னும் இருக்கா, பார்க்கலாமான்னு கேட்டாங்க. அரண்மனைக்குப் பின்னாடி இருக்கு, இப்போ டூ வீலர் நிறுத்துற இடமா ஆக்கி வெச்சிருக்காங்க, யாரும் அங்கே பார்க்கப் போறதில்லை. பிள்ளைங்க ரெண்டும் அந்தம்மாவோட முன்னாடி நடந்தாங்க. நானும் இவரும் பின்னாடி. அந்த நேரம் பார்த்துக் கைடு மூச்சு வாங்க ஓடி வந்து, கொஞ்சம் ஓவராப் போயிட்டேனோக்கான்னு என்கிட்டக் கேட்டு வெச்சான். இவர் அவனைப் பார்த்தாரு, அவன் பட்டனைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு.

நீ வெச்ச வேலையான்னாரு. ஆமான்னேன். அது கிடக்கட்டும், கட்டின பொண்டாட்டிகிட்ட எதுக்கு மறைச்சீங்கன்னு நானே பாய்ஞ்சேன்.

"சாணி அள்ளினவர் பேரன்னு சொல்லியிருந்தா உங்கப்பா பொண்ணு குடுத்திருப்பாரா?"

"எங்கப்பா உங்க தளபதியை ஒரு நிமிஷம்கூட நம்பலை. 'பையன் புளுகு மூட்டை, ஆனா மனசு நல்லா இருக்கு, போ'ன்னு சொல்லித்தான் என்னை அனுப்பினாரு."

மனுஷன் அப்படியே நின்னுட்டாரு. அப்போ இத்தனை வருஷம் நான் யாருக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டேன்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னேன், வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்.

லாயத்துல அந்தம்மா செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, வண்டிகளுக்கு நடுவுல குனிஞ்சு தரையைப் பார்த்துட்டிருந்தாங்க. காலையிலேர்ந்து முதல் தடவையா அவங்க முகத்துல தெளிவு. வாட்டம் நல்லா விட்டிருக்காங்க, கழுவின தண்ணி ஒரு சொட்டு நிக்காதுன்னாங்க. அப்புறம் இவரைப் பார்த்து, எத்தனை குதிரைன்னு கேட்டாங்க.

நாப்பதுன்னாரு இவர்.

தனி ஆளாவான்னாங்க. கூட ஒருத்தர் இருந்தாராம், அவர் பாதி நாள் வேலைக்கே வர மாட்டாராம்னாரு. எல்லாக் கொட்டகையிலயும் அப்படி ஒருத்தன் உண்டுன்னு அந்தம்மா தலையை ஆட்டினாங்க. எனக்கு நாலு மாட்டுக்கே இடுப்பு கழண்டு போகுது, நாப்பது குதிரைன்னா அவர் என்ன ஆளாயிருக்கணும்னாங்க. மரியாதையாச் சொன்னாங்க. காலையிலேர்ந்து வாளுக்கும் கட்டிலுக்கும் கிடைக்காத மரியாதை அது.

இவர் பையனைப் பார்த்து, நீங்க கொட்டகையில இறங்குவீங்களா தம்பின்னு கேட்டாரு. பையன் என் பொண்ணைப் பார்த்துத் திருட்டு முழி முழிச்சான். அதைச் சொல்லாதேன்னு இவ அவன் வாயைக் கட்டி வெச்சிருக்கா போல. "சொல்லிடு"ன்னா. தினமும் விடியறதுக்கு முன்னாடி அள்ளிட்டு, குளிச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னான்.

இவர் அந்தம்மா பக்கம் திரும்பி, பின்னாடி கட்டியிருந்த கையை எடுத்து முன்னாடி கொண்டு வந்தாரு.

"எங்க வீட்டுல பொண்ணு எடுக்க உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"தளபதி வீடுன்னதும் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தான் இருந்தேன் அண்ணா. இப்போ சம்மதம்."

என் பொண்ணு அங்கேயே, யாரோ ஒருத்தர் ஸ்கூட்டர் மேல உட்கார்ந்து அழுதுட்டா. நானும் அழுதேன்.

நிச்சயம் பேசி முடிக்கிறப்போ அந்த நாப்பது குதிரை நூறு ஆயிடுச்சு. கல்யாணத்தன்னிக்கு மண்டப வாசல்ல நின்னு, வந்தவங்க ஒருத்தர் விடாம நிறுத்தி, எங்க கொள்ளுத்தாத்தா நானூறு குதிரைக்குத் தனி ஆளா சாணி அள்ளினவர்னு சொல்லிட்டிருந்தாரு. சம்பந்தியம்மா பக்கத்துல நின்னு ஆமான்னு தலையாட்டினாங்க. நான் திருத்தப் போகலை. நிஜமான தாத்தா, எவ்வளவு வேணா பெருசாகட்டும்.