ஒரு மைக்கும் ஐந்து பேரும்

கட்டுமாவடியில் படகுக்காரர் பிச்சையின் மகளுக்குக் கல்யாணம். சாயங்காலம் நாலு மணிக்குப் பாட்டுக் கச்சேரி என்று ஏற்பாடு. மைக் செட் போட ஆலங்குடியிலிருந்து திருப்பதி காலையிலேயே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டான். ஆம்ப்ளிபயர் ஒன்று, லாரி பேட்டரி ஒன்று, குழாய் ஸ்பீக்கர் இரண்டு, மைக் இரண்டு. அதில் ஒரு மைக், பஸ் கூரையில் குலுங்கியதிலோ என்னவோ, ஊமையாகியிருந்தது. பிரித்துப் பார்த்தான், சுரண்டிப் பார்த்தான். பேசவில்லை.

கச்சேரிக்கு ஒதுக்கியிருந்த இடம் வலை போட்டு வைக்கும் தகரக் கொட்டகை. ஐம்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். தகரத்துக்கு அடியில் குழாயைக் கட்டினால் மைக் ஊளையிட்டே கொன்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டையும் வெளியே தென்னையில் ஏற்றி, சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்துக் கட்டினான்.

குழுவில் ஐந்து பேர். பாடுகிறவள் அமிர்தவல்லி. தலைவர் ஆத்மநாதன், ஆர்மோனியப் பெட்டி வாசிப்பவர். ஒரே மைக்தான் என்றதும் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதே திருப்பதிக்கு வேலையாயிற்று. அமிர்தவல்லியை மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினான். தபேலா கொஞ்சம் தள்ளி, பாங்கோஸ் அதற்கும் பின்னால். கிளாரினெட்காரரைச் சுவரோரம் போகச் சொன்னபோது அவர் பேசாமல் போனார். ஆத்மநாதன் போகவில்லை.

“குழு என் பேர்ல இருக்கு திருப்பதி. நான் பின்னாலயா?”

“பெட்டிச் சத்தம் அங்கயிருந்தே வந்துரும் மாஸ்டர். அவங்க குரல் வராது.”

அரைமனதாகப் பின்னால் போய் உட்கார்ந்தார். முதல் பாட்டு நன்றாகவே அமைந்தது. இரண்டாவது பாட்டில் ஆத்மநாதன் பெட்டியோடு முன்னால் நகர்ந்தார். திருப்பதி சத்தத்தைக் குறைத்துப் பார்த்தான். பெட்டி குறைந்தது, கூடவே பாட்டும் அமுங்கிப்போனது. இருப்பதோ ஒரே திருகு. ஆளுக்கொன்றாக அதைப் பிரிக்க முடியாது. மூன்றாவது பாட்டில் அவர் கையை நீட்டி மைக்கின் கழுத்தையே தன் பக்கம் வளைத்துக்கொண்டார். அமிர்தவல்லி கத்திப் பாட ஆரம்பித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. மேல் ஸ்தாயியில் குரல் பிசிறடித்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. திருப்பதி ஆம்ப்ளிபயரை அணைத்தான்.

பந்தலிலிருந்து பிச்சை எழுந்து வந்தார். பேட்டரி போச்சா என்று கேட்டார். போச்சு என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

“இல்லைங்க. நான்தான் நிறுத்துனேன். இப்படியே போனா அவங்க தொண்டை போயிரும்.”

பிச்சை ஆத்மநாதனைப் பார்த்தார், வளைந்து கிடந்த மைக்கைப் பார்த்தார். அப்படியானால் மைக் இல்லாமல் சும்மாவே பாடட்டும் என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

சும்மாவே பாடினார்கள். தபேலாக்காரர் விரல் நுனியால் வாசித்தார். குழாய் நின்றதும் பந்தலில் இருந்தவர்கள் கை கழுவிய ஈரத்தோடு வந்து வாசலில் கூடினார்கள். ஆத்மநாதன் மட்டும் துருத்தியை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு மீன்காரி, கோபமில்லாமல்தான் சொன்னாள்:

“பெட்டிய கொஞ்சம் அமத்துங்க. அந்தப் புள்ள பாடுறது கேக்க மாட்டேங்குது.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டிருக்க வேண்டும். அந்தப் பாட்டு முடிந்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார். திருப்பதியின் முகத்தைப் பார்க்காமல், “போடுப்பா” என்றார். திருப்பதி மைக்கை நிமிர்த்திவிட்டு, திருகைப் பாதிக்கு மட்டும் வைத்தான். விளக்கு வைக்கிற நேரம் வரை கச்சேரி நடந்தது.

அந்தக் குழு பிறகு அவனைக் கூப்பிடவில்லை. தென்னையிலிருந்து குழாயை இறக்கும்போதே அவனுக்கு அது தெரிந்திருந்தது. அடுத்த பங்குனியில் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் கிளாரினெட்காரரைப் பார்த்தான். புதுக்கோட்டை ஆள் ஒருவர் இப்போது மூன்று மைக்கோடு வருவதாக அவர் சொன்னார்.

“அந்தம்மா எங்க நிக்கிறாங்க?” என்று கேட்டான்.

“மாஸ்டர் முன்னாலதான் உக்கார்றாரு. அந்தம்மா பெட்டிக்குப் பக்கத்துலதான்” என்றார் அவர்.

அறந்தாங்கி பஸ் வந்து நின்றது. திருப்பதி ஏறி, ஆம்ப்ளிபயரைக் கூரைக்கு அனுப்பாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.